தங்கைக்குத் தரவிருந்த சிறுநீரகம்

என் தங்கைக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன என்று கோவையில் மருத்துவர்கள் சொன்னது ஆடி கடைசி வெள்ளி. அதிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் பொள்ளாச்சியிலிருந்து டயாலிசிஸுக்கு வருகிறாள். அவள் கணவருக்கு ஏற்கெனவே இதய அறுவை நடந்திருந்தது. எனக்கு ரத்தப் பிரிவு பொருந்தியது. நான்தான் தருவது என்று அன்றே டைரியில் எழுதினேன்.

"சீரு செஞ்சு ஓஞ்சுட்டீங்கன்னு நெனச்சேன். இன்னும் ஒண்ணு பாக்கி வெச்சிருந்தீங்களாக்குங்ண்ணா?" என்றாள் தங்கை, விஷயத்தைச் சொன்னதும்.

"இதுக்குத் தட்டம் தூக்க ஆள் வேண்டாம் கண்ணு" என்றேன்.

ஐப்பசியில் எனக்குப் பரிசோதனைகள் நடந்தன. என்னுடைய நோட்டுகளையும் எடுத்துப் போயிருந்தேன். ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று, கொழுப்புக்கு லேப் தாள்கள் ஒட்டிய ஒன்று. மூன்றிலும் பல தேதிகளுக்கு எதிரே "கொஞ்சம் கூடுதல், பரவாயில்லை" என்று என் கையெழுத்திலேயே இருந்தது. மருத்துவர் இளம்பெண். மூன்றையும் மேசைமேல் அருகருகே விரித்து வைத்துப் படித்தார். அப்படி வைத்துப் பார்க்க எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

"இடுப்பளவு எந்த நோட்டுலங்க ஐயா?"

"அது எழுதலீங்க. வேட்டிதானுங்களே கட்டறது."

பேன்ட் போடுகிறவருக்குத் தையல்காரர் சொல்லிவிடுவார். வேட்டி யாரையும் எதுவும் கேட்காது. நாற்பது ஆண்டுகளாக அதே நாலு முழம். மருத்துவர் இடுப்பில் சுற்றிய டேப் நூற்றாறு சென்டிமீட்டர் காட்டியது.

தனித்தனியே பார்த்தால் எதுவும் பெரிதில்லை என்றார் மருத்துவர். வயிற்றுக் கொழுப்பு, அழுத்தம், சர்க்கரை, ரத்தக் கொழுப்பு எல்லாம் சேர்ந்தால் சிறுநீரகத்தின் வடிகட்டிகளைச் சத்தமில்லாமல் தேய்க்கும். என் சிறுநீரில் புரதம் கசிந்துகொண்டிருந்தது. வலியில்லை, வீக்கமில்லை. தங்கைக்காகச் சிறுநீரகம் பற்றிக் கிடைத்த புத்தகமெல்லாம் படித்திருந்தேன். வடிகட்டியைப் படமே வரைவேன். என்னுடையதைப் பற்றி நினைக்கவில்லை. அடுத்தடுத்த சோதனைகளிலும் கசிவு இருந்தது.

"நீங்க குடுக்க முடியாதுங்க. உங்களுக்கே ரெண்டும் வேணும். இப்பவே காப்பாத்திக்கோணும்" என்றார். இடுப்பை அளந்து குறித்துவர ஒரு டேப்பும் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை, இயந்திரத்தோடு இணைக்கப்பட்டுப் படுத்திருந்த தங்கையிடம் நோட்டு, டேப் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

"உங்க பெரியவன் கல்யாணத்துல ரெண்டு பந்தி உக்காந்தீங்களே, அதை எந்த நோட்டுலயாவது எழுதி வெச்சீங்களாங்ண்ணா?" என்றாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த செவ்வாய் அவளாகவே கேட்டாள். "அந்த டேப்பைக் கொண்டாந்தீங்களா?"

அன்றிலிருந்து அளப்பது அவள்தான். ஒரு கையில் ஊசி ஏறியிருக்கும், அதை அசைக்கக் கூடாது. டேப்பை நானே சட்டைக்குள் சுற்றிப் பிடித்துக்கொண்டு கட்டிலருகே குனிவேன். மறு கையால் அதை இழுத்துப் பிடித்து எண்ணைப் படிப்பாள்.

"வயித்த எக்காதீங்க. மூச்சை உடுங்க."

இப்போது ஒரே நோட்டுதான். எல்லா எண்களும் ஒரே வரிசையில். உறுப்புக்காகக் காத்திருப்போர் பட்டியலில் அவள் பெயர் பதிவாகியிருக்கிறது. இன்னும் அழைப்பு வரவில்லை. நேற்று நூற்றொன்று என்று படித்தாள். நம்பாமல் இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள்.