வேலைக்காரர் இல்லாத சோடாக் கொம்பனி

கிண்ணியாவில் ஸெய்னுதீனின் சோடாக் கொம்பனிக்குள் எந்த நேரத்தில் நுழைந்தாலும் பத்துப் பேராவது வேலை செய்துகொண்டிருப்பார்கள். ஆனால் வேலைக்காரர் என்று ஒருவரும் கிடையாது. போத்தல் கழுவுவது மனைவி ஸாலிஹாவின் தம்பி முனாப். மூடி அடிக்கிற மெஷினைச் சுற்றுவது மூத்த மருமகன் பாயிஸ். சீனிப்பாணி காய்ச்சுவதும் பெட்டி அடுக்குவதும் மற்ற மருமக்களும் மச்சான்மாரும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியேறுகிற ஊர் அது. மூன்று பெண்களைப் பெற்றவருக்கு ஆட்பஞ்சம் வராது. வெளியாள் என்றால் தம்பலகாமத்து இராசையா ஒருவர்தான். அவர் வான் ஓட்டினார்.

வியாழக்கிழமை பின்னேரம் ஸெய்னுதீன் எல்லோருக்கும் கைச்செலவுக்குக் காசு கொடுப்பார். சம்பளம் என்ற சொல் அந்த வளவுக்குள் வந்ததில்லை.

ஸெய்னுதீன் தொழில் படித்தது துறைமுகத்தில், வெள்ளைக்கார நேவியின் கன்டீனில். நாடு சுதந்திரம் பெற்றது நாற்பத்தெட்டில். அவருக்கு அதன் பலன் ஐம்பத்தேழில் கிடைத்தது. நேவி கப்பலேறியபோது சோடா மெஷினை மலிவாக வாங்கி, தோணியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்தார். அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் வேலைக்காரரின் வயது போன காலத்துக்கென்று முதலாளி சேமலாப நிதி கட்டவேண்டும் என்று சட்டம் வந்தது. பிறகு விற்பனைக்கு வரி வந்தது. அரசாங்கம் மாறும்போதெல்லாம் வரியின் பெயர் மாறியது. அதைக் கேட்டு வருகிறவரின் முகம் மட்டும் மாறவில்லை.

வரியை முனகிக்கொண்டு கட்டினார். நிதி கட்டாமலிருக்க வழி கண்டுபிடித்தார்.

"ஆரும் வந்து கேட்டா, சும்மா ஒத்தாசைக்கு வந்த நாங்க எண்டு சொல்லுங்க."

சொல்லிக்கொடுக்கத் தேவையே இருக்கவில்லை. மச்சானிடம் கூலிக்கு நிற்கிறேன் என்று எவன்தான் சொல்வான்? இருபது வருடமாக அந்தப் பொய்யை எல்லோரும் உண்மையாகவே சொன்னார்கள்.

எழுபத்தொன்பதில் கொழும்புச் சோடா லொறியில் வந்து இறங்கியது. அவர் விலையைவிடக் குறைவு. படம் போட்ட போத்தல் வேறு. புது மெஷின் இல்லாமல் எதிர்த்து நிற்க முடியாது. அடுத்த நோன்புக்குள் மெஷின் வராவிட்டால் கொம்பனியைப் பூட்டவேண்டியதுதான் என்ற நிலையில், அரசாங்கம் முதல் தடவையாக ஒன்றைக் கேட்காமல் கொடுக்க வந்தது. கிராமப்புறத்தில் பத்துப் பேரை நிரந்தரமாக வைத்து வேலை வாங்குகிறவருக்கு ஐந்து வருடம் வரி இல்லை. மெஷினுக்கு வங்கிக் கடனும் உண்டு. ஆட்களை எண்ணிப் பார்க்க அரசாங்கக் கச்சேரியிலிருந்து ஒரு உத்தியோகத்தர் வருவார்.

ஸெய்னுதீன் எல்லோரையும் கூப்பிட்டார்.

"நாளைக்கு மட்டும், நாங்க வேலைக்காரர் எண்டு சொல்லுங்க."

முனாப் கையைத் துடைத்தார். "இருவது வருஷமா ஒண்டு சொல்லச் சொன்னீங்க மச்சான். இப்ப இன்னொண்டு."

"மாமா," என்றான் பாயிஸ், "என்ட தங்கச்சிக்கு இப்பதான் மாப்பிள பேசி முடிச்சிரிக்கி. நான் மாமன்ட கூலியாள் எண்டு கதை போனா?"

ஸாலிஹா குசினிக்குள் இருந்தே கேட்டாள்: "என்ட தம்பிய வேலைக்காரன் எண்டு எழுதவா போறீங்க?"

"அப்ப கொம்பனியப் பூட்டுறதா?" என்று கத்தினார் ஸெய்னுதீன்.

"பாப்பம்," என்றார்கள் எல்லோரும். அந்தப் பக்கத்தில் 'பாப்பம்' என்றால் மாட்டோம் என்றுதான் பொருள். அது தெரிந்தும் அவர் நம்பினார்.

மறுநாள் கச்சேரி ஞானசேகரம் வந்தார். முனாப் கையை முழங்கைவரை தண்ணீரில் விட்டபடி நின்றார்.

"நீங்கள் இங்க என்ன வேலை?"

"வேலையா? நான் முதலாளிட மச்சான். வந்தன், போத்தல் கிடந்திச்சி, கழுவுறன்."

"தம்பி, நீங்கள்?"

"நான் இந்த வீட்டு மாப்பிள சேர்," என்றான் பாயிஸ், மெஷினை நிறுத்தாமல்.

"மாப்பிள்ளைக்கு வேர்க்குதே?"

"பொழுது போகணுமே சேர்."

இப்படியே ஒவ்வொருவரும் உறவுமுறை சொன்னார்கள். ஸெய்னுதீன் பின்னால் நின்று கண்ணைக் காட்டினார், இருமினார், கடைசியில் தலையில் கையை வைத்தார். வானுக்கடியிலிருந்து இராசையா எழுந்து வந்தார்.

"ஓம் ஐயா, நான் வேலைக்காரன்தான். கனகாலமா இவரிட்ட வான் ஓடுறன்."

ஸெய்னுதீனுக்கு அவரைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போலிருந்தது, ஞானசேகரத்தின் அடுத்த கேள்வி வரும்வரை.

"உங்கட சேமலாப நிதி நம்பர் என்ன?"

"அது என்ன ஐயா?"

ஞானசேகரம் ஸெய்னுதீன் பக்கம் திரும்பினார். "முதலாளி, சலுகைக்குப் பாத்தா ஒன்பது பேர் குறையுது. நிதிக்குப் பாத்தா ஒரு ஆள் கூடிப்போச்சு. தொழில் கந்தோருக்கு நான் அறிவிக்காமல் விட ஏலாது."

கொடுத்த நன்னாரிச் சோடாவைக் குடித்துவிட்டு, நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஸெய்னுதீன் இராசையாவுக்கு நிதியைப் பழைய பாக்கியோடு கட்டவேண்டி வந்தது. வயது போய் வேலையிலிருந்து நிற்கும்போது மொத்தமாக ஒரு தொகை கைக்கு வரும் என்று இராசையா தேத்தண்ணி குடிக்கும்போது சொல்லிவைத்தார். அன்று பின்னேரமே முனாப் வந்து கதிரையில் உட்கார்ந்தார். பின்னால் பாயிஸும் மற்றவர்களும்.

"மச்சான், நாங்களும் வேலைக்காரர்தானே?"

ஸெய்னுதீன் கேட்டார்: "அண்டைக்கு என்னடா சொன்ன நீ?"

"அண்டைக்கு அந்த மனிசன் சும்மா எழுதத்தானே வந்த. இது காசல்லவா?"

"உன்ட தங்கச்சிக் கலியாணம்?" என்று பாயிஸைப் பார்த்தார்.

"மாப்பிள வீட்டாக்கள் கேட்டாங்க மாமா, எனக்கு நிரந்தர வேலையா எண்டு."

"ஊரார் பிள்ளைக்குக் கட்டுறீங்க," என்றாள் ஸாலிஹா. "என்ட தம்பிக்குக் கட்ட ஏலாதா?"

சலுகைக்கு விண்ணப்பிக்கும் நாள் போன மாதமே முடிந்திருந்தது. வரியும் கட்டி, பத்துப் பேருக்கு நிதியும் கட்டி, சலுகை இல்லாமல் ஸெய்னுதீன் ஒருவழியாக முதலாளியானார்.

நோன்பு வந்தது. மெஷின் வரவில்லை. கொழும்பு லொறி வாரத்துக்கு இரண்டு தடவை வந்தது. ஒரு காலை ஸெய்னுதீன் பெரிய பூட்டையும் திறப்பையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். முனாப் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போய்க்கொண்டிருந்தார்.

"நான் கொம்பனியப் பூட்டப்போறன்."

"நினைச்சபடி பூட்டச் சட்டம் விடாது மச்சான். உள்ளுக்கு வேலைக்காரர் இரிக்கிறாங்க."

"அப்ப நீ எங்க போற?"

"எனக்கு இண்டைக்கு லீவு."

ஸெய்னுதீன் பூட்டை மேசையில் வைத்தார். சேர்ட்டுக் கையை மடித்துவிட்டு, கிடந்த போத்தல்களைக் கழுவ உட்கார்ந்தார்.