வண்ணத்துப்பூச்சி மீன் சாப்பிட்டது

கடல்நீர் முழங்காலில் காயும்போது முதலில் தோல் இறுகும், பிறகு அரிக்கத் தொடங்கும். சொறிந்தால் வெள்ளையாகத் தூள் உதிரும். மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டுக்கு அப்பாவின் ஸ்கூட்டரில் வரும்போது பெரிய கேன் அவர் காலடியிலும் சின்னது என் மடியிலும் இருக்கும். மூடியை எவ்வளவு இறுக்கினாலும் கசிகிற கேன் அது. திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் என் பாவாடை நனைந்து, வீடு வருவதற்குள் காய்ந்து, அப்பளம்போல விறைத்துவிடும். தொண்ணூறுகளின் கடைசியில், நான் ஆறாம் வகுப்பு படித்த ஆண்டில், ஐந்தாறு ஞாயிற்றுக்கிழமைகள் இப்படித்தான் போயின. வீட்டுக்குள் ஒரு கடல் வேண்டும் என்று அப்பாவுக்குத் தோன்றிவிட்டிருந்தது.

அப்பா கல்பாக்கத்தில் மோட்டார், பம்புகளைப் பழுது பார்க்கும் வேலையில் இருந்தார். காலை ஆறரைக்கு ஆபீஸ் பஸ் ஏறினால் மாலை ஆறரைக்கு இறங்குவார். பழுதான எதையும் பிரித்துப் பார்த்து, காரணம் கண்டுபிடித்து, திரும்ப ஓட வைத்துவிடலாம் என்பது அவருடைய நம்பிக்கை. பெரும்பாலும் ஓட வைத்தும் விடுவார். தங்கமீன்களை மூன்று வருடம் சாகாமல் வளர்த்தவர் என்று தெருவில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அடுத்ததாகத்தான் இந்த உப்புத்தண்ணீர்த் தொட்டி. தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று அளக்கும் கருவி கிடைக்காமல், மதுராந்தகம் பக்கத்துச் சொந்த கிராமத்தின் பால் சங்கத்திலிருந்து, பாலின் அடர்த்தியைப் பார்க்கும் பால்மானியை இரவல் வாங்கி வந்து மிதக்கவிட்டார். அது கடல்நீருக்கும் சரியாக வேலை செய்ததில் அவருக்கு வந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

அம்மாவுக்கு அந்தப் பெருமையில் பங்கில்லை. தொட்டிக்குப் பின்னால் சுவரில் உப்பு பூத்தது, பிளக் பாயிண்ட் துருப்பிடித்தது, ஈரத்தில் நாற்காலியின் கால் ஊறியது. "சோத்துல உப்பு போட்டா போதாதா, செவுத்துக்கும் போடணுமா" என்பாள்.

மீன் கொடுத்தவர் தேசப்பன். மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்தில் படகு வைத்திருந்தார். அலை தாண்டிப் போய்க் கலங்காத தண்ணீரை மொண்டு கேன்களில் நிரப்பித் தருவதும் அவர்தான். அப்பா கேட்டுக்கொண்டதால், பாறை ஓரம் போட்ட வலையில் வந்த இரண்டு மீன்களை ஒரு ஞாயிறு பக்கெட்டில் வைத்திருந்தார். உள்ளங்கை அகலத்தில் தட்டையான உடல், கண்ணுக்குப் பின்னால் சுண்ணாம்பு இழுத்ததுபோல ஒரு வெள்ளைப் பட்டை, வாலில் ரத்தச் சிவப்பு.

"வண்ணாத்திப்பூச்சி மீனுன்னுவோம் சார். வலையில வந்துச்சின்னா திருப்பித் தூக்கிப் போட்டுடுவோம், துன்றதுக்கு ஒதவாது. இத்த வச்சிகினு இன்னா பண்ணப்போற?" என்றார் தேசப்பன்.

"வளக்கப்போறேன்" என்றார் அப்பா.

நான்காம் நாள் ஒன்று செத்தது. மற்றது உயிரோடிருந்தது, ஆனால் சாப்பிடவில்லை. அது பசியில்லாத மீனும் அல்ல. விடிந்ததிலிருந்து கல்லைக் கொத்தும், கண்ணாடி ஒட்டிய மூலைகளைக் கொத்தும், எங்கேயோ எதையோ தேடிக்கொண்டே இருக்கும். இறாலைப் பொடியாக அரிந்து போட்டால் ஆசையாக வரும், வாயில் வாங்கும், துப்பிவிடும். முட்டையின் மஞ்சள் கருவைப் போட்டோம், தண்ணீர்தான் கலங்கியது. அப்பா மண்புழுவை நறுக்கிப் போட்டார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில் தேசப்பனிடம் சொல்லி மட்டி வாங்கி வந்து, ஓட்டைப் பிளந்து, சதையோடு கல்லின்மேல் வைத்தார். மீன் அதன் அருகில் வந்து நின்று பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்த வெறும் கல்லைக் கொத்தியது.

பள்ளிவிட்டு நாலரைக்கு வந்ததும் இரையைப் போட்டுவிட்டு, ஆறரை வரை தொட்டி முன்னால் உட்கார்ந்து கவனிப்பது என் வேலை. அப்பா உள்ளே வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்பார்: "துன்னுச்சா?"

இல்லை என்று சொல்லவேண்டும். தினமும் அதே கேள்வி, அதே பதில். அவர் முகம் ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி சுருங்கும். பிறகு தொட்டியைச் சுற்றி வருவார், தண்ணீருக்குள் காற்று ஊதும் மோட்டாரின் குழாயைப் பிடுங்கி ஊதிச் செருகுவார், பால்மானியை மிதக்கவிடுவார், எல்லாம் சரியாகத்தான் இருக்கும். சரியாக இருப்பதே அவரை அதிகம் எரிச்சல்படுத்தியது. சாப்பிடும்போது அம்மாவிடம் எரிந்து விழுவார். ஒருநாள் என்னிடமும்: "நீ புக்கு பாத்துகினு இருப்ப. அது துன்னுச்சா இல்லியான்னு ஒனக்கு எப்படித் தெரியும்?" புத்தகத்தைத் தொடாமல் இரண்டு மணிநேரம் உட்கார்ந்திருந்த எனக்கு அது சுருக்கென்று தைத்தது.

அந்த ஞாயிறு தேசப்பன் சொன்னார்: "அது பாறையில ஒட்டிகினு கீறத கொத்தித் துன்ற ஜாதி சார். நீ வச்சா துன்னாது. கொண்டாந்து குடு, புடிச்ச எடத்துலயே வுட்டுடறேன்."

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அப்பா சொன்னார்: "சனிக்கெழம வரைக்கும் பாக்கறேன். துன்னலன்னா ஞாயித்துக்கெழம கொண்டுபோய் குடுத்துடலாம்."

அந்த வாரமும் அது சாப்பிடவில்லை. சனிக்கிழமையும் அப்பாவுக்கு வேலை இருந்தது. சாயங்காலம் வந்தவர் நிலைப்படியில் நின்று, இந்த முறை கேட்கக்கூட இல்லை, என்னைப் பார்த்தார். "சாப்ட்டுச்சுப்பா" என்றேன். அந்த நொடியில் நான் மீனைப் பற்றி நினைக்கவேயில்லை. அந்த முகம் இன்னொரு முறை சுருங்குவதை என்னால் பார்க்க முடியாது என்பது மட்டும்தான் தெரிந்தது.

அப்பா தரையில் உட்கார்ந்தேவிட்டார். எத்தனை துண்டு, முதலில் எதை, துப்பவில்லையா என்று கேட்டுக் கேட்டு, நான் சொல்லச் சொல்லச் சிரித்தார். அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார், பக்கத்து வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னார். மறுநாள் மாமல்லபுரம் போகவில்லை. அந்த ஞாயிறு முழுவதும் அவர் தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தும் மீன் எதையும் தொடாதபோது, "ஆள் நின்னா சாப்பிடாதுப்பா, நான் கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சிகினுதான் பாத்தேன்" என்றேன். அதையும் நம்பினார்.

பிறகு தினமும் ஆறு மணிக்கு, அவர் வருவதற்கு முன், டீ வடிகட்டியால் இறாலை அள்ளி, ஓட்டிலிருந்த மட்டிச் சதையையும் எடுத்துக் கொல்லையில் கனகாம்பரச் செடிக்குக் கீழே புதைத்தேன். மூன்றாம் நாள் அம்மா மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த பூனையை விரட்டிவிட்டு என்னிடம் வந்தாள்.

"இன்னாடி, செடியாண்ட எறா வாட அடிக்குது?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. "நீயே ஒங்கப்பாகிட்ட சொல்லிடு. நான் சொல்லமாட்டேன்" என்று உள்ளே போனாள். நாளைக்குச் சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். மீனின் உடல் தலைக்குப் பின்னால் ஒடுங்கி, எதிரில் வந்தால் கத்திமுனைபோலத் தெரிந்தது. "துன்னுது, ஆனா ஒடம்பு ஏறலியே" என்று அப்பா குழம்பி, தண்ணீர்மேல் பழியைப் போட்டு, கேன்களில் மிச்சமிருந்த கடல்நீரை ஊற்றிப் பாதியை மாற்றினார்.

பொய் சொன்ன பதினோராம் நாள், பகலில் வெகுநேரம் கரண்ட் இல்லை. நான் பள்ளிவிட்டு வந்தபோது மோட்டார் நின்றிருந்தது. மீன் கல்லின் இடுக்கில் பக்கவாட்டில் கிடந்தது, கண் திறந்தபடி. அப்பா வந்து, கையை முழங்கைவரை தண்ணீருக்குள் விட்டு எடுத்து, உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "நல்லா துன்னுகினு இருந்த மீனு" என்றார். "மோட்டார் நின்னா இன்னா பண்ணும், பாவம்." என் தலையைத் தடவினார். திட்டியிருந்தால்கூட எங்காவது ஓடிப்போய் அழுதிருப்பேன்.

இப்போது நாவலூரில் வேலை, படூரில் வீடு. அலுவலகக் கணினியில் ஒருநாள் தேடிப் படித்தேன். இந்த மீன்களில் சில பவளப்பாறையில் வாழும் சின்ன உயிர்களை மட்டுமே கொத்தித் தின்னுமாம், வேறெதையும் தொடாமல் பட்டினி கிடந்தே செத்துப்போகுமாம். சில மட்டும், வாரக்கணக்கில் மட்டியைக் காட்டிக்கொண்டே இருந்தால் மனம் மாறுமாம். எங்களுடையது எந்த வகை என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போயிருந்தால் அது பிழைத்திருக்கும் என்பதற்கு எந்தக் கணினியும் தேவையில்லை. போன மாதம் என் மகனையும் கூட்டிக்கொண்டு, தேசப்பனின் படகு நின்ற இடத்தைத் தேடிப் போனேன். மணல் இல்லை. கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள், அதற்கு மேல் ஒரு விடுதியின் சுற்றுச்சுவர். தேசப்பனைப் பற்றிக் கேட்டேன், காவலாளிக்கு அப்படி யாரையும் தெரியவில்லை.

அங்கிருந்து கூடுவாஞ்சேரிக்கு, அப்பா அம்மா இருக்கும் அடுக்ககத்துக்குப் போனேன். சாப்பிட உட்கார்ந்தபோது என் மகன் மீன் தொட்டி கேட்டான். அப்பா கையில் சோற்றோடு அந்தக் கதையை ஆரம்பித்தார், பல பேரிடம் பல தடவை சொன்னதுதான். என்னால் தாங்க முடியவில்லை.

"அது சாப்பிடவே இல்லப்பா. நான் பொய் சொன்னேன்" என்றேன்.

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அப்பா பார்க்கவில்லை. "ஒனக்கு அப்ப பதினோரு வயசு, இன்னா ஞாபகம் இருக்கும்?" என்றார். "மட்டி ஓட்ட நக்கி வச்ச மாதிரி சுத்தமா வச்சிருக்கும். நானே என் கண்ணால பாத்தேன்."

"அத ஸ்பூனால வழிச்சது நான்."

"கரண்ட்டுதான் காரணம்" என்றார், என் மகனைப் பார்த்து.

அவன் கேட்டான்: "அப்ப நல்லா சாப்ட்டுச்சா தாத்தா?"

"நல்லா துன்னுச்சு" என்றார் அப்பா.