துரையின் வாயில் ஒரு பட்டன்

பிரிஞ்சாங் என்கிற மலையூரில் பேனர் அடிக்கும் கடையில் எனக்கு வேலை. கல்யாணமோ, காதுகுத்தோ, திருவிழாவோ, தேர்தலோ, யார் முகம் எவ்வளவு பெரிது, யார் யாருக்கு மேலே, யார் கைகூப்பியபடி என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அதை நம்பித்தான் எங்கள் தேயிலைத் தோட்டத்துச் செயற்குழு இணையப் பக்கம் செய்யும் வேலையை என் தலையில் கட்டியது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன், பக்கமெல்லாம் செய்ததில்லை என்று சொல்லிப் பார்த்தேன்.

"கம்பியூட்டர்லதான வேல செய்யற? இதுவும் கம்பியூட்டர்தான்லா," என்றார் தலைவர். அவருக்குச் சொந்தமாகக் காய்கறி லோரிகள் உண்டு. லோரி ஓட்டத் தெரிந்தவனைக் கூப்பிட்டு விமானம் ஓட்டச் சொல்லக்கூடிய ஆள்.

பக்கம் எதற்கென்றால், தேயிலைச் சரிவின் ஓரத்தில் தொழிலாளர்கள் குடியிருந்த பழைய லயத்து வீடுகள் சில காலியாகக் கிடந்தன. சுத்தம் செய்து சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டுக்கொள்ளுங்கள் என்று தோட்டத்து மேனேஜர், அதாவது எங்கள் துரை, வாய்வார்த்தையாக அனுமதி கொடுத்திருந்தார். முழங்கால் போய்க் கொழுந்து வேலையை விட்ட என் அக்காதான் அங்கே சமையலும் துப்புரவும். ஆனால் துரை ஒன்று சொல்லியிருந்தார்: "ஸ்கூல் லீவுல ஆளு வரலேன்னா வீட்ட வெளிநாட்டு வேலையாளுங்களுக்குக் குடுத்துருவேன்." அப்படிக் கொடுத்துவிட்டால் அக்கா கோலாலம்பூரில் மகள் வீட்டு அடுக்குமாடிக்குப் போய், மருமகன் முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துச் சோறு தின்ன வேண்டியதுதான்.

கடைக் கம்பியூட்டரின் பெரிய திரையைச் சுற்றிச் செயற்குழு நின்றது. நான் முதலில் வீட்டின் படத்தைப் போட்டேன். பின்னால் மூடுபனி, முன்னால் அக்கா பெருக்கி வைத்த வாசல், பக்கத்தில் 'இங்கே அழுத்தவும்' என்று ஒரு பச்சைப் பட்டன். அழுத்தினால் அக்காவின் போனுக்குத் தகவல் போகும்.

"சாமி எங்க?" என்றார் தலைவர்.

இடது மூலையில் பிள்ளையாரை வைத்தேன். செயலாளர் கிறிஸ்தவர்; தொண்டையைச் செருமினார். வலது மூலையில் மாதாவை வைத்தேன். அடுத்து, வீடு கொடுத்த துரையின் கோட்டுப் போட்ட படம், பெரிதாக, கீழே பெயரோடு. அவருக்குக் கீழே தலைவர், கொஞ்சம் சிறிதாக. பிறகு செயலாளர், பொருளாளர், கணக்காய்வாளர். கணக்குப் பார்க்க இன்னும் ஒன்றும் வரவில்லை, ஆய்வாளர் மட்டும் இருந்தார். இவ்வளவு பேருக்கும் இடம்விட்டு வீடு தள்ளித் தள்ளி ஓர் ஓரத்துக்குப் போய்விட்டது. பட்டனைத் துரையின் தோளுக்குப் பக்கத்தில் வைத்தேன். கோட்டில் படக்கூடாது என்று தலைவர் திரையில் விரல் வைத்து அளந்தார். படாத இடமாகப் பார்த்து, நகராதபடி பொருத்தினேன்.

லீவு நெருங்கியது. ஒருவரும் அழுத்தவில்லை. தினமும் வேலைக்குப் போனதும் பேனரைத் திறக்கும் முன் அந்தப் பக்கத்தைத்தான் திறப்பேன். பெரிய திரையில் எல்லாம் வைத்தது வைத்தபடி அழகாக இருந்தது. ஒருநாள் அக்கா தன் போனை என்னிடம் நீட்டினாள்.

"ஏண்டா தம்பி, தொர வாயில என்னமோ எழுதியிருக்கு?"

வாங்கிப் பார்த்தேன். பேனர் கட்டிய இடத்தில் தொங்கும்; இணையப் பக்கம் அப்படியில்லை. பெரிய திரையில் இடம்விட்டுப் பரவி நிற்பவர்கள் போனில் ஒருவருக்குக் கீழ் ஒருவராக அடுக்கிக்கொள்கிறார்கள். துரை திரை அகலத்துக்கு வீங்கியிருந்தார். நான் பொருத்தி வைத்த பட்டன் மட்டும் இடம் மாறாமல் அவர் வாயை அடைத்துக்கொண்டு நின்றது. வீடு, கணக்காய்வாளருக்கும் கீழே பாதாளத்தில் கிடந்தது.

"அது பட்டன்க்கா. அத அழுத்துனாத்தான் உனக்குச் சேதி வரும்."

"தொர வாயில எவன்டா கைய வைப்பான்?" என்றாள்.

அன்றைக்கே தலைவரைத் தேடி ஓடினேன். கியா பார்ம் சந்தையில் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"பட்டன மேல தூக்கிரு," என்றார்.

"தொர தலமேல உக்காந்துரும் தலைவரே."

"அப்ப எறக்கு."

"உங்க தலமேல உக்காரும்."

ஒரு முட்டைக்கோஸை லோரியில் எறிந்தார். "அப்ப வாயிலயே இருக்கட்டும். பாப்போம்."

"வீட்டுப் படத்த எல்லாருக்கும் மேல போட்டுட்டா என்ன? லீவு வருது."

"வீடு எங்கய்யா ஓடிப்போவுது? மரியாதைன்னு ஒன்னு இருக்குலா."

அவருக்குக் கோலாலம்பூரில் சொந்த வீடு இருக்கிறது. மருமகன் முகம் பார்க்கும் நிலைமை இல்லை. நான் திரும்பி வந்தேன். அதை அவரிடம் சொல்லியிருந்தால் பேனர் கடைக்கு அவர் தரும் வேலையெல்லாம் போயிருக்கும், முதலாளி என்னைத் துரத்தியிருப்பார் என்று வழியெல்லாம் பயமும் வந்தது.

இரண்டொரு நாளில் துரையே லயத்துக்கு வந்து இறங்கினார். கையில் போன். யாரோ அனுப்பியிருக்கிறார்கள். தலைவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் போனார்.

"இத யாரு போட்டது?"

"நம்ம ஏற்பாடுதான் தொர."

"எடுங்க. இப்பவே எடுங்க. ஹெட் ஆபீஸ்ல பாத்தா, எஸ்டேட் வீட்ட யாரக் கேட்டு விட்டேன்னு என் கழுத்தப் புடிப்பாங்க. நான் எழுதியா குடுத்தேன்?"

யாரை உச்சியில் ஏற்றி வைத்தோமோ, அவருக்கு யார் கண்ணிலும் படக்கூடாதாம். தலைவர் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்காதான் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"படத்த எடுத்துர்றோம் தொர. வீடு?"

"லீவு முடியட்டும்மா. ஆளு வந்தா பாப்போம்."

துரையின் கார் போனதும் தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தொர இல்லாம நான் மட்டும் மேல நின்னா, நானே தொர ஆயிட்டேன்னு பேசுவானுங்க. என்னையும் எடுத்துரு." தலைவர் இல்லாத இடத்தில் செயலாளர் எப்படி இருப்பார்? அவர் போனார். பொருளாளர் போனார். கணக்காய்வாளர் மட்டும் தன் படம் நன்றாக விழுந்திருக்கிறதே என்று இரண்டு முறை போன் செய்துவிட்டுப் போனார். வீட்டை மேலே ஏற்ற நான் கெஞ்சியபோது அசையாத மரியாதை, தானே படிப்படியாக இறங்கி வெளியே நடந்தது. சாமிகளைச் சிறிதாக்கி அடியில் வைத்தேன். அவர்கள் போன் செய்யவில்லை.

இப்போது வீடு முதலில், அதற்கு நேர் கீழே பட்டன். என் போன், அக்கா போன், கடை முதலாளி போன் என்று கையில் கிடைத்த போனிலெல்லாம் திறந்து பார்த்தேன். நகரவில்லை.

லீவு தொடங்கும் முன் ஈப்போவிலிருந்து ஒரு குடும்பம் அழுத்தியது. அக்கா அவர்களிடம் பேசிக்கொண்டிருந்தாள்: "சின்னப் புள்ளைங்க இருக்கா? காரம் திம்பாங்களா? இங்க குளுரும், போர்வ நான் தரேன், நீங்க தூக்கிட்டு வராதீங்க." பிறகு கிள்ளானிலிருந்து ஒரு குடும்பம். பிறகு மலாய்க்காரத் தம்பதி, தேயிலை பார்க்க.

லீவு முடிந்த பிறகு துரையின் கார் லயத்தருகே நின்றது. கண்ணாடியை இறக்கினார்.

"ஆளு வருதாம்மா?"

"வருது தொர. இந்த வாரமும் ரெண்டு குடும்பம்."

"சரி, நடத்துங்க. என் பேரு மட்டும் எங்கியும் வேணாம்."

அக்கா தலையாட்டிவிட்டு அடுப்பைப் பார்க்க உள்ளே போனாள். நான் கடைக்குப் போய், அவர் பெயர் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பக்கத்தை மேலிருந்து கீழ்வரை தேடினேன். இல்லை. போனிலும் ஒருமுறை தேடினேன்.