பிரிக்காத பெட்டியும் பெண் பார்க்க வந்தவர்களும்

அக்காவைப் பெண் பார்க்க அரியலூரிலிருந்து வருகிறார்கள் என்று தரகர் சொல்லிவிட்டுப் போனதுமே அம்மாவின் கண் என் ஷோகேஸ் மேல் விழுந்தது.

"அந்தக் கருமத்தையெல்லாம் எடுத்துப் பரண்ல போடுடா. மீசை மொளச்ச பய பொம்மை வச்சு வெளையாடுறான்னு சிரிக்க மாட்டாங்களா?"

விளையாடுகிறேனாம்! எட்டு வருடமாகச் சொல்லியும் எங்கள் வீட்டில் யாருக்கும் புரியவில்லை. நான் விளையாடவில்லை, சேர்க்கிறேன்.

தொண்ணூற்றைந்தில் பிடித்த பைத்தியம் அது. பெரம்பலூர் திருவிழாக் கடையில் வாங்கிய, கை மட்டும் அசையும் முகமூடிக்காரன்தான் முதல் ஆள். அப்புறம் சத்துமாவு டப்பாவோடு இலவசமாக வந்த குட்டி வீரர்கள். பாடாலூரில் பஸ் டீக்கு நிற்கும்போது கடை வாசலில் தொங்கிய ரப்பர் ராட்சசன். குன்னத்திலிருந்து படிக்க வந்தவனிடம் ஜியாமெட்ரி பாக்ஸைக் கொடுத்து மாற்றிக்கொண்ட, ஒரு கால் போன பறக்கும் மனிதன். அதற்காக அப்பாவிடம் வாங்கிய அடி தனிக்கதை. சாயம் உரிந்ததையும் நான் எறிந்ததில்லை. அந்த அச்சு இனிமேல் கடைக்கு வராது, அதுதான் அதன் மதிப்பு. இதைச் சொன்னால் லூசு என்பார்கள். அக்கா மட்டும்தான் சொன்னதில்லை. ஷோகேஸைத் துடைக்கும்போது ஒவ்வொருவனையும் எடுத்த இடத்திலேயே நிறுத்துவாள்.

நடு அடுக்கில் ஒருவன் பெட்டியோடு நின்றான். அப்பாவின் நண்பர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தவன். முன்பக்கம் கண்ணாடித்தாள், உள்ளே பச்சை உடுப்பு, மஞ்சள் துணியில் அங்கி. விரல்கூட மடங்கும் என்று பெட்டி மேல் படம் போட்டிருந்தது. நான் மடக்கிப் பார்த்ததே இல்லை. பிரித்துவிட்டால் அவனும் மற்றவர்களில் ஒருத்தன் ஆகிவிடுவான்.

இது அக்காவுக்கு மூன்றாவது இடம். முதலில் வந்தவர்கள் நிறம் கம்மி என்றார்கள். அடுத்து வந்தவர்கள் பஜ்ஜியைத் தின்றுவிட்டுப் போனதோடு சரி, ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. தெருவில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். இந்த மாப்பிள்ளைக்குச் சிமென்ட் ஆலையில் நிரந்தர வேலை. இதுவும் தட்டிப்போனால் அம்மா படுத்தே விடுவாள் என்று பயந்தேன். ஆனாலும் பொம்மைகளைப் பரணில் எலிக்குக் கொடுக்க மனசு வரவில்லை. கடைசியில் அம்மா ஒரு பழைய சேலையை ஷோகேஸ் மேல் போட்டு மூடினாள்.

வந்தார்கள். அக்கா காபித் தட்டோடு வந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தாள். மாப்பிள்ளையின் அம்மா சிரித்த முகமாகவே பேசினார். தரகர் அப்பாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அப்பாடா என்று நான் மூச்சு விட்ட நேரம் பார்த்து, மாப்பிள்ளையின் அக்கா மகள், நாலு வயசு இருக்கும், சேலையைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

மொத்தப் படையும் வெளியே தெரிந்தது. அவள் விரல் நேராக நடு அடுக்கைக் காட்டியது.

"எனக்கு அது வேணும்."

ரப்பர் ராட்சசனை எடுத்து நீட்டினேன். வீசி எறிந்தாள். முகமூடிக்காரனைக் கொடுத்தேன். தரையில் விழுந்து புரண்டு கத்தினாள்.

"கேட்டத எடுத்துக் குடுங்க தம்பி. சம்பந்தம் ஆவப்போவுது, ஒரு பொம்மைக்கா பாக்குறது? எங்க வூட்டுல அவ கேட்டு யாரும் இல்லைன்னதே கெடயாது" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

மாப்பிள்ளை வீட்டுக் குழந்தை வாய்விட்டுக் கேட்டதை மறுப்பதும், முதல் தடவை வந்த வீட்டிலிருந்து அதை அழவிட்டு அனுப்புவதும் எங்கள் பக்கம் நடக்காத காரியம். அப்பா தொண்டையைச் செருமினார். "எடுத்துக் குடுடா." அம்மா கண்ணாலேயே கெஞ்சினாள். பெட்டியை எடுத்தேன். போகட்டும், அக்கா கல்யாணத்தைவிட இது பெரிதா என்று பல்லைக் கடித்துக்கொண்டு நீட்டினேன். குழந்தை வாங்கியதும் கண்ணாடித்தாளில் நகத்தை வைத்தாள்.

"பாப்பா, அது மாமாவோடது. பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துடணும்."

அக்காவின் குரல். பெண் பார்க்கும் இடத்தில் கேட்டதற்குப் பதில் சொல்வதைத் தவிர பெண் வாய் திறக்கக் கூடாது.

மாப்பிள்ளையின் அம்மா முகத்தில் சிரிப்பு இல்லை. "பரவால்லையே, பொண்ணுக்கு வாய் இருக்கு."

"தப்பா நெனக்காதீங்கம்மா" என்றாள் அக்கா. "அவன் சின்னதுலேருந்து ஆசையா சேக்குறது. அவனுக்குக் குடுக்க மனசு இல்ல, மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. நாம புடுங்கக் கூடாதுல்ல?"

அய்யோ, நிறுத்து அக்கா என்று உள்ளுக்குள் கத்தினேன். மாப்பிள்ளை ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். அவர் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா குழந்தையின் கையிலிருந்து பெட்டியைப் பிடுங்கி நாற்காலியில் வைத்தார்.

"வேணாம்டி கண்ணு. நமக்கு இல்லையாம்."

எழுந்துவிட்டார்கள். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். கார் கிளம்பும் வரை குழந்தை அழுதது கேட்டது.

அதன் பிறகு வாசலில் சைக்கிள் மணி கேட்டாலே அம்மா எட்டிப் பார்ப்பாள். யாருக்கும் சோறு இறங்கவில்லை. ஒருநாள் தரகர் வந்தார், உட்காரவில்லை.

"பொண்ணக் கொற சொல்லலீங்க. வாய்தான் கொஞ்சம் நீளமாம்."

அம்மா சமையல்கட்டு வாசலில் அப்படியே உட்கார்ந்து அழுதாள். எனக்கு வந்த கோபத்தில் என்ன செய்கிறேன் என்றே தெரியவில்லை. ஷோகேஸைத் திறந்து பெட்டியை இழுத்தேன். "இந்தச் சனியனாலதானே! கிழிச்சுக் குப்பையில போட்டுட்டு மறுவேலை பாக்குறேன்" என்று மூடியைப் பிய்க்கப் போனேன்.

அக்கா வந்து பெட்டியை வாங்கினாள். அவளும் அழுதிருந்தாள், முகம் வீங்கியிருந்தது. பெட்டியை முந்தானையால் துடைத்து நடு அடுக்கில் வைத்தாள். கீழே கிடந்த பழைய சேலையை மடித்து அம்மா மடியில் போட்டாள்.

"இனிமே இத மூட வேணாம்மா. அடுத்து வர்றவங்களும் பாக்கட்டும். ஒரு பொம்மைக்கு இல்லைன்னு சொன்னதே பொறுக்கல அவங்களுக்கு. அந்த வூட்டுக்குப் போயி, நாளைக்கு நான் எதுக்காச்சும் இல்லைன்னு சொன்னா, என்னைய என்ன பண்ணுவாங்க?"