பழைய பையில் கிடந்த அட்டை

துறைமுகக் கரையில் வெயில் தாங்காமல் குடையை எடுக்கப் பையைத் திறந்தபோதுதான் தெரிந்தது, அடையாள அட்டையை வீட்டில் விட்டுவிட்டேன் என்று. சிவப்புப் பை, புத்தம் புதுசு. என் சிநேகிதி கோலாலம்பூரிலிருந்து எனக்காக வாங்கி வந்தது. அவள் சந்தோஷப்படட்டுமே என்று காலையில் அவசர அவசரமாகப் பழைய பையில் இருந்ததையெல்லாம் இதற்குள் கொட்டினேன். சீப்பு, கைக்குட்டை, தலையிடிக் குளிசை, காசுப்பை எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. அட்டை மட்டும் பழைய பையின் உள்ளறையில் தங்கிவிட்டது. எனக்கென்ன விசரா? இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட இப்படிச் செய்ததில்லை.

சண்டை முடிந்த பிறகு இப்போது யார் அட்டை கேட்கிறார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். ஒருவரும் கேட்பதில்லை. தெருவில் மறிப்பதில்லை, பேருந்திலிருந்து இறக்குவதில்லை. எல்லாம் எனக்கும் தெரியும். ஆனாலும் பையின் ஒவ்வொரு அறையையும் மறுபடி மறுபடி துழாவினேன்.

நாங்கள் இருவரும் பாலர் பள்ளி ஆசிரியைகள். ஒரு பயிற்சிக்காக நான் கோலாலம்பூர் போயிருந்தபோது பழக்கமானோம். அங்கே அவள் என்னைக் கடை கடையாக இழுத்துக்கொண்டு திரிந்தாள். நான் கடவுச்சீட்டை விடுதி அறையில் பூட்டிவிட்டு இரண்டு கையையும் வீசிக்கொண்டு நடந்தேன். அந்தப் பதினைந்து நாளும் யாராவது மறிப்பார்கள் என்ற நினைப்பே வரவில்லை. இப்போது என் முறை. அவளுக்கு ஊர் காட்ட வேண்டும், அவளுடைய பள்ளிக்கூட ஆசிரியைகளுக்கு நினைவுப் பொருள் வாங்கிக் கொடுக்க வேண்டும். பின்னேரம் மூன்று மணிக்கு அவளை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போக வான் வரும். வீட்டுக்குப் போய் அட்டையை எடுத்து வர நேரமில்லை. ஏன் போகவேண்டும் என்று அவளுக்குச் சொல்லவும் வெட்கம்.

இதில் மோசம் என்னவென்றால், புறப்படும்போது அண்ணா கேட்டவர். எங்களோடு சாம்பல்தீவில் இருக்கிற என் அண்ணா, கலியாணம் கட்டாதவர், வாசலைத் தாண்டுகிற எவரையும் அடையாள அட்டை இருக்கிறதா என்று கேட்பார்.

"ஐசி இருக்கோ?"

"ஓம் அண்ணா, இருக்கு," என்றேன். பார்க்காமலே சொன்னேன்.

அவர் அப்படிக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. சண்டைக் காலத்தில் ஒரு நாள் காலை பாண் வாங்கப் போனவர், சந்தியில் ஆமிக்காரர் மறித்து அட்டையைக் கேட்டபோது சட்டைப் பையைத் தடவினார். அட்டை இல்லை. ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நாலாம் நாள் வீடு வந்தார். எங்கே வைத்திருந்தார்கள், என்ன செய்தார்கள் என்று இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதன்பிறகு காவல் நிற்கிற இடம் என்றால் எவ்வளவு தூரமானாலும் சுற்றித்தான் போவார். சிப்பாய்கள் நிற்கிற கோட்டை வாசலால் போகவேண்டும் என்பதற்காகக் கோணேசர் கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்டார்.

முதல் நாள் அவர் போட்டிருந்த சட்டையைத் தோய்த்தவள் நான். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. பைக்குள் இருந்த அட்டையை எடுத்து அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டு மறந்துபோனேன். அவர் வேறு சட்டை போட்டபோதும் எனக்கு ஞாபகம் வரவில்லை. இதை அம்மாவிடம் மட்டும் அழுது சொன்னேன். அண்ணாவிடம் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

"இங்க நில்லுங்க, ஒரு படம்!" சிநேகிதி கைபேசியைக் கடற்படைப் படகுகளின் பக்கம் திருப்பினாள்.

"ஐயோ, அதை எடுக்காதேங்கோ!"

"ஏன்லா? எவ்வளவு அழகா இருக்கு!"

"வெயில் எதிர்ப்பக்கம். படம் கறுப்பா வரும்." வாயில் வந்த பொய்யைச் சொல்லி அவளைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு கடைத்தெருவுக்கு வந்துவிட்டேன்.

கடைத்தெருவிலேயே எல்லாவற்றையும் வாங்கி முடித்துவிடலாம் என்பது என் திட்டம். அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். நான் எதைப் பார்த்தாலும் "நல்லாயிருக்கு, வாங்குங்கோ, வாங்குங்கோ" என்றேன். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுகிற மான் பொம்மைகளில் ஏழு வாங்கி என் பைக்குள் போட்டாள். மெழுகுச் சாயமிட்ட பற்றிக் துணியில் மூன்று. பனையோலைப் பெட்டியை மூக்கருகே வைத்து மணந்து பார்த்துவிட்டு இரண்டு. கடைக்காரர் விலை சொன்னபோது நான் குறைத்துக் கேட்கவே இல்லை. அவரே ஆச்சரியப்பட்டிருப்பார்.

"சரி, இனி கோயில்," என்றாள்.

"கோயிலோ? பெரிய ஏத்தம். உங்களுக்குக் கால் நோகும்."

"பத்துமலைப் படி ஏறுறவ நான். என்னப்பா நீங்க! அம்மாவுக்குக் கோணேசர் விபூதி வேணும். வரும்போதே அது ஒண்ணுதான் கேட்டாங்க."

தாய் கேட்ட ஒரே ஒரு சாமான். குடையை விரித்துக்கொண்டு அவளோடு நடந்தேன்.

கோட்டை வாசலுக்குள் நுழையும்போது என் கால் நடந்ததா, நிலம் தானாக நகர்ந்ததா தெரியாது. காவலுக்கு நின்ற சிப்பாய் எங்களைப் பார்த்தான், பிறகு மரத்தடியில் படுத்திருந்த மானைப் பார்த்தான். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டோம். நிம்மதி வரவேண்டுமல்லவா? வரவில்லை. திரும்பியும் இதே வாசலால்தானே வரவேண்டும்.

கோயிலில் கும்பிட்டதாகத்தான் நினைக்கிறேன். கேட்டது ஒன்றே ஒன்று: அப்பனே, வாசலைத் தாண்ட விடு. அவள் விபூதியை வாங்கி இரண்டு பைக்குள் போட்டு முடிந்தாள். வழிக் கடைகளில் சிப்பி மாலை, சின்ன மணி, சாவி மாட்டுகிற மரயானை என்று ஒன்றையும் விடவில்லை. ஒரு மான் வந்து அவளுடைய கடதாசிப் பையின் காதைக் கடித்து இழுத்தது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன், கண் மட்டும் வாசலில் இருந்தது.

இறங்கி வந்தோம். சிப்பாய் மாறியிருந்தான். இவன் இன்னும் சின்னவன். எங்களைக் கண்டதும் கையை நீட்டி மறித்தான்.

"அக்கே, பொட்டக் இன்ன."

கொஞ்சம் நில்லுங்கள் என்றுதான் சொன்னான். நான் நின்றதோடு விடவில்லை. பையைத் திறந்து தலைகீழாகப் பிடித்தேன். சீப்பு, குளிசை, மான் பொம்மைகள் எல்லாம் தார் வீதியில் விழுந்தன. பெயரைச் சொன்னேன், தகப்பன் பெயரைச் சொன்னேன், விலாசத்தைச் சொன்னேன், கோயிலுக்கு வந்தோம், இவர் வெளிநாடு, அட்டை வீட்டில் இருக்கிறது, சத்தியமாக இருக்கிறது என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லிக்கொண்டே போனேன். அவன் எதையும் கேட்கவில்லை. பயந்துபோய் இரண்டடி பின்னால் போனான். என் சிநேகிதியின் முகத்தில் சிரிப்பு இல்லை. குனிந்து மான் பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

சிப்பாய் வாசலுக்கு வெளியே கையைக் காட்டினான். "அந்த ஐயா... உங்களைக் கேட்டது. சிவப்பு பேக்."

அண்ணா நின்றார். வாசலிலிருந்து பத்தடி தூரத்தில், வியர்த்து வழிய, சட்டைப் பொத்தான் மாறிப் பூட்டியபடி. கையில் என் அட்டை, பொலித்தீனில் சுற்றி. முப்பது வருடத்துக்கு மேலாகக் காவலரண் பக்கமே தலை வைக்காத மனிதர், துவக்கோடு நின்றவனிடம் தானே போய் என்னை விசாரித்திருக்கிறார்.

"பழைய பை கதவில தொங்கினது. ஒருக்கா திறந்து பாத்தனான்," என்றார். "அந்தப் பிள்ளைக்குக் கோயில் காட்டாமல் விடமாட்டாய் எண்டு பஸ்ஸில வந்தனான். இந்தா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. தெருவென்றும் பார்க்கவில்லை.

"அண்ணா, அண்டைக்கு உங்கட சட்டை... நான்தான் தோய்ச்சனான். நான்தான் எடுத்து வச்சனான்."

"தெரியும்," என்றார். "அம்மா அப்பவே சொன்னவ."

"தெரிஞ்சும் ஒண்டும் கேக்கேல்லையே?"

"என்னத்தைக் கேக்கிறது? நனையப்படாதெண்டுதானே எடுத்து வச்சனீ." பையைத் திறக்கச் சொல்லி அட்டையை அவரே உள்ளே வைத்துச் சிப்பை இழுத்து மூடினார். "சரி, கண்ணைத் துடை. அந்தப் பிள்ளை என்ன நினைக்கும்?"

கண்ணைத் துடைத்தேன். மாறிப் பூட்டியிருந்த பொத்தானைச் சரிசெய்யக் கையை நீட்டினேன். அப்போதுதான் அவருடைய சட்டைப் பை வெறுமையாக, தட்டையாக இருந்ததைக் கண்டேன்.

"அண்ணா, உங்கட ஐசி?"

அவர் பையைத் தடவினார். காற்சட்டைப் பைகளைத் தடவினார். மறுபடியும் சட்டைப் பையைத் தடவினார். முகம் வெளுத்தது. என்னுடையதை எடுத்துக்கொண்டு ஓடி வந்த அவசரத்தில் தன்னுடையதை வீட்டில் விட்டுவிட்டார். அது இல்லாமல்தான் அந்தச் சிப்பாய்க்கு முன்னால் நின்றிருக்கிறார்.

அண்ணாவால் அசைய ஏலாமல் போயிற்று. என் சிநேகிதி சாமான் பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு வீதிக்கு இறங்கி முச்சக்கர வண்டி ஒன்றை மறித்தாள். அண்ணாவை நடுவில் இருத்தி, நான் ஒரு பக்கமும் அவள் மறுபக்கமுமாக ஏறிக்கொண்டோம்.