மேற்குக் கதவு

அந்தக் கதவைக் கட்டி வைத்தவன் நான். கம்பியால் முறுக்கிக் கட்டிவிட்டு, அவிழ்க்காமல் போனவன் நான். முனியசாமி அல்ல... நான்!

சொல்லிவிட்டேன். சொன்னால் பாரம் இறங்கும் என்பார்கள். எனக்கு ஒன்றும் இறங்கவில்லை. அலுப்பாகத்தான் இருக்கிறது.

நீங்கள் என் படத்தைப் பார்த்திருக்கலாம். ஓர் இருட்டறை. கூரையிலிருந்து ஒரு தட்டு அளவு வெளிச்சம் தரையில் விழுந்து கிடக்கும். எதிரே மூடிய மரக்கதவு. ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கிச் சென்னையில் மாட்டியிருந்தார்கள். அதன் முன்னால் நின்று கண் கலங்கியவர்களை நானே பார்த்தேன். உங்களில் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, மௌனத்தையே படம் பிடித்துவிட்டீர்கள் என்றார். தலையாட்டினேன். வேறென்ன செய்வேன்?

முறையாகவே சொல்கிறேன். நான் விருதுநகர்க்காரன். அப்பாவும் அம்மாவும் மிஷன் பள்ளிக்கூட ஆசிரியர்கள். ஓவியம் படித்துவிட்டு, வேலை கிடைக்காமல், சிவகாசி அச்சகம் ஒன்றில் சில ஆண்டுகள் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் வரைந்தேன். மயில், புலி, சினிமா நடிகை சாயலில் ஒரு பெண்... அது சலித்துப்போய்ச் சென்னைக்கு ஓடினேன். அங்கே கேமராவும் கையுமாகத் திரிந்து 'தற்காலக் கலைஞன்' ஆனேன். பட்டாசு ஊரை விட்டு ஓடியவனுக்குப் பட்டாசு ஊரே பேர் வாங்கிக் கொடுத்தது என்பதுதான் கேவலம்.

அந்தக் கட்டடக் கலைஞரின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களுக்குத் தெரிந்துவிடும். பெரிய ஊர்களில் நூலகங்களும் அரங்குகளும் கட்டிப் புகழ் பெற்றவர். இளம் வயதில், யாருக்கும் அவரைத் தெரியாத காலத்தில், விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு மருந்து கலக்கும் அறைகள் கட்டிக் கொடுத்தார். தொழிலாளிகள் அவரைப் 'பிளானய்யா' என்பார்கள். சின்னச் சின்ன அறைகள், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி. நாலு சுவர், நாலு கதவு. கதவுகள் எல்லாம் வெளிப்பக்கம் திறப்பவை. உள்ளே தாழ்ப்பாளே கிடையாது. எங்கே உட்கார்ந்தாலும் நாலு எட்டில் ஒரு கதவு. கூரை நடுவே சூடு வெளியேற ஒரு வட்டத் துவாரம். கட்டுவதற்கு முன்னால் பத்து நாள் அங்கிருந்தவர்களோடு தரையில் உட்கார்ந்து, தீப்பிடித்தால் எந்தப் பக்கம் ஓடுவீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாராம்.

கேட்டாராம்! நான் யாரிடமும் எதையும் கேட்கவில்லை.

அவர் இறந்த மறுவருடம் சென்னையில் ஒரு கண்காட்சி. ஆளுக்கொரு கட்டடத்தை எடுத்துக்கொண்டு, அதை எங்கள் பார்வையில் 'மறுவாசிப்பு' செய்ய வேண்டும். மற்றவர்கள் நூலகத்துக்கும் அரங்குக்கும் அடித்துக்கொண்டார்கள். நான் இந்த அறைகளைக் கேட்டு வாங்கினேன். என் யோசனை என்ன தெரியுமா? ஓடுவதற்காகக் கட்டிய அறையில் எல்லாக் கதவுகளையும் மூடிப் பார்ப்பது! மூடினால்தான் கூரைத் துவாரத்து வெளிச்சம் தனியாகத் தெரியும். பெரியவர் எண்ணியதைத் தலைகீழாக்கிக் காட்டப்போகிறேன் என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தது. முதலாளியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு சனிக்கிழமை போனேன். அந்த அறையில் இரண்டே பேர். முனியசாமி மருந்து கலப்பவர். அவர் மனைவி காளீஸ்வரி அதைச் சல்லடையில் சலிப்பவர். கொஞ்ச நேரம் கதவைச் சாத்திக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

“ஆத்தி! சாத்தவா?” என்றார் காளீஸ்வரி. “படிச்சவுக பேசுற பேச்சா சார் இது? காலையில வந்ததும் நாலு கதவையும் தொறந்து, நாலுக்கும் கல்லு முட்டுக் குடுத்துட்டுத்தான் நாங்க மருந்துல கையே வைப்போம். வீட்டுக்குள்ள வேணா சாத்திக்கிட்டுக் கெடப்போம். இங்கன ஆகாது.”

முனியசாமி சிரித்தார். “நாளைக்கு லீவு சார். ஆளு இல்லாதப்ப வந்து சாத்திக்கிட்டு எம்புட்டு வேணும்னாலும் எடுங்க. வாட்ச்மேன்ட்ட நான் சொல்லிட்டுப் போறேன்.”

எனக்காக வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டும் போனார்... நல்ல மனுஷர்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் போனேன். மூன்று கதவுகளுக்கு வெளியே கொக்கி உண்டு. மேற்குக் கதவின் கொக்கி மட்டும் துருப்பிடித்து எப்போதோ விழுந்திருந்தது. அந்தப் பக்கம் மண்மேடு, ஆள் போவதில்லை. ஆகவே அதை மட்டும் உள்ளிருந்து தள்ளித் திறப்பார்கள். அன்றைக்குக் காற்று. அந்தக் கதவு அசைந்து அசைந்து ஒரு கோடு வெளிச்சத்தை உள்ளே விட்டுக்கொண்டிருந்தது. என் படத்தைக் கெடுக்கிறதே என்று எரிச்சல்! மண்மேட்டைச் சுற்றிப் போய், பையில் வைத்திருந்த கம்பியை எடுத்து, கதவு வளையத்தையும் நிலையில் இருந்த ஆணியையும் சேர்த்து இறுக்கிக் கட்டினேன்.

அதன்பின் உள்ளே வந்து, கிழக்குக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு, இரண்டு ஃபிலிம் ரோல் எடுத்தேன். வெளிச்சம் நான் நினைத்ததைவிட அழகாக விழுந்தது. உடம்பெல்லாம் புல்லரித்தது. பிறகு மேகம் திரண்டு தூறல் போட்டது. கேமரா நனைந்துவிடும் என்ற பதற்றத்தில் அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஓடினேன். வந்த வழிக் கதவுக்கு மறக்காமல் கொக்கி மாட்டினேன். மறக்காமல்!

திங்கட்கிழமை காலை, சிவகாசியில் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். சத்தம் கேட்டது. அந்த ஊரில் அந்தச் சத்தத்துக்கு யாரும் அலறுவதில்லை. எல்லோரும் கையிலிருப்பதை அப்படியே வைத்துவிட்டு, புகை எந்தத் திசையில் எழுகிறது என்று அண்ணாந்து பார்ப்பார்கள். “விஸ்வநத்தம் பக்கம்லே” என்றார் ஒருவர். எனக்கு அப்போதுதான் கம்பி ஞாபகம் வந்தது. டீயை வைத்துவிட்டு அந்தப் பக்கம் ஓடினேன்.

காளீஸ்வரி எப்போதும் மேற்குக் கதவோரம்தான் உட்காருவாராம், காலை வெயில் முகத்தில் அடிக்காது என்று. நெருப்பு எழுந்ததும் பழக்கப்படி அந்தக் கதவைத்தான் தள்ளியிருக்கிறார். முனியசாமி தெற்கு வழியாக வெளியே பாய்ந்து, மனைவியைக் காணாமல் திரும்பவும் உள்ளே ஓடியிருக்கிறார். கைகள் இரண்டும் வெந்து விளங்காமல் போயின. மனைவியும் போனார்.

நான் போய்ச் சேர்ந்தபோது மேற்குக் கதவு பாதி கரிந்து மண்மேட்டின் மேல் கிடந்தது. வளையத்தில் என் கம்பி. ஓடி உதவுகிறவனைப்போலக் குனிந்து, அதை உருவிக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை. கம்பி இன்னும் சூடாக இருந்தது. தொடையில் தழும்பு இருக்கிறது. இரக்கப்படுங்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. மறந்துபோனது என் தப்பு என்றால், குனிந்தது என் குற்றம். இரண்டுக்கும் வித்தியாசம் உங்களுக்குத் தெரியும்தானே?

முனியசாமி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியே அதிகாரியிடம் உண்மையைச் சொன்னார். நான் வராந்தாவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

“மேக்குக் கதவத் தள்ளிப் பாத்தேன் சார். வரல. மழைக்கு மரம் உப்பிருச்சுன்னு நெனச்சேன். லோடு நிக்குதுன்னு போர்மேன் சத்தம் போட்டாரு. சரி, இன்னைக்கு மட்டும் மூணு கல்லோட உக்காருவோம்னு... அவ வேண்டாம்னுதான் சொன்னா. நாந்தான் கேக்கல.”

தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டார்கள். அதிகாரி என்னையும் விசாரித்தார். நேற்று நீங்கள் படம் எடுத்தபோது அந்தக் கதவு எப்படி இருந்தது என்றார். “கவனிக்கலை சார்” என்றேன். கவனிப்பதையே பிழைப்பாக வைத்திருக்கிறவன் சொன்ன பதில் அது!

ஏன் சொல்லவில்லை? ஜெயிலுக்குப் பயந்தேன். அப்பா அம்மாவின் முகத்துக்குப் பயந்தேன். இவையெல்லாம் பாதி உண்மை. மீதியையும் சொல்லிவிடுகிறேன்: ஃபிலிமைக் கழுவிப் பார்த்தபோது, அதுவரை நான் எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம் என்று தெரிந்துவிட்டது. சொன்னால் அதை மாட்ட முடியாது. மாட்டினேன்... என்னைக் காறித் துப்புங்கள், தகும்.

கண்காட்சியில் அந்தக் கட்டடக் கலைஞரின் மகள் வந்திருந்தார். படத்தையே வெகுநேரம் பார்த்தார். அப்பா இந்தக் கதவுகளை மூடி ஒரு நாளும் பார்த்திருக்க மாட்டார் என்றார். பாராட்டினாரா, கண்டித்தாரா... இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

முனியசாமியை அதன்பின் எந்தக் கம்பெனியும் சேர்க்கவில்லை. ஊருக்குள் அவர் பெயரே மாறிப்போனது. 'மூணு கல்லு' என்றால்தான் தெரியும். காளீஸ்வரியின் தம்பிகள் அவர் வாசலை மிதிப்பதில்லை. எங்க அக்காவைக் கொன்னவன் என்று சந்தையில் வைத்துச் சத்தம் போட்டிருக்கிறார்கள். அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லையாம். ஊரை விட்டு விருதுநகருக்கு வந்து, வத்தல் கமிஷன் கடை ஒன்றில் வாசல் பெருக்கிக்கொண்டு, பின்னாலிருக்கும் ஒற்றை அறையில் தங்கியிருக்கிறார்.

இதையெல்லாம் உங்களிடம் சொல்கிறேன். அவரிடம் அல்லவா சொல்ல வேண்டும்? அவருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூடத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேனோ என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

சொல்லப் போகாமலும் இல்லை. இரண்டு வருடம் கழித்து, அந்தப் படத்தின் சிறு பிரதி ஒன்றைச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். படத்தைக் காட்டி, கதவைக் காட்டி, கட்டியது நான்தான் என்று சொல்லிவிட வேண்டும். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

“வாங்க சார், வாங்க! சாப்பிட்டீகளா?” என்று எழுந்து நின்றார். கடை முழுக்க மிளகாய் நெடி. படத்தை நீட்டினேன். மடங்காத விரல்களுக்கு நடுவே வாங்கி, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

“நம்ம ரூம்புல்ல? இது மேக்குக் கதவு...” என்றார். “ஞாயித்துக்கெளம எடுத்ததா சார்?”

“ஆமாண்ணே.”

“மழைக்கு முன்னாடியா?”

“முன்னாடிதான்.”

இதோ கேட்டுவிட்டார், கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். உண்மையில் ஆறுதலாகக்கூட இருந்தது. அவர் படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார்.

“பாருங்க, ஒரு சந்து தெரியல. அப்ப மழையில உப்பல சார். அதுக்கு முன்னாடியே இறுகித்தான் கெடந்திருக்கு. சனிக்கெளம சாயங்காலம் சாத்துறப்பவே நான் கவனிச்சிருக்கணும். அன்னைக்கே ஒரு ஆசாரியக் கூப்பிட்டுச் செதுக்கச் சொல்லியிருந்தா அவ இருந்திருப்பா. இம்புட்டு நாளும் திங்கக்கெளம செஞ்ச தப்புன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்...”

வாயைத் திறந்தேன். அவர் என் தோளைத் தட்டினார். “நீங்க வருத்தப்படாதீக சார். அவ வேல பாத்த எடத்தக் கொண்டாந்து குடுத்தீகளே, அது போதும்.”

அறைக்குள் கூட்டிப் போனார். கட்டிலுக்கு எதிரே சுவரைக் காட்டி, படுத்தால் கண்ணுக்கு நேரே தெரிய வேண்டும் என்றார். ஆணியைப் பிடிக்க அவர் விரல்கள் ஒத்துழைக்கவில்லை. சுத்தியலை என்னிடம் நீட்டினார். அவர் சொன்ன உயரத்தில் நானே ஆணி அடித்து, கோணல் இல்லாமல் மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.