அம்மாவின் சிம்னியில் எண்ணெய் சேரவில்லை

அம்மாவின் வலது நுரையீரலில் புற்று வந்த பகுதியை வெட்டி எடுத்த மறுநாள், டாக்டர் எங்களை அறைக்குள் கூப்பிட்டார்.

"வீட்டில யார் சிகரெட் பிடிக்கிறது?"

"யாருமில்ல" என்றார் அப்பா.

டாக்டர் பேனாவை மூடினார். "அப்போ, எந்த எண்ணெயில சமைக்கிறாங்க?"

எங்கள் தென்சீன ஊரான ஹெங்யாங்கில் எல்லாரும் கடுகெண்ணெயில்தான் சமைக்கிறோம். பச்சை வாடை போக அது நன்றாகப் புகைய வேண்டும். பிறகுதான் பூண்டு, காய்ந்த மிளகாய், இறைச்சி. அப்பா இதைச் சொல்லச் சொல்ல டாக்டர் தலையாட்டினார். "இனி அந்தப் புகை ஆகாது. இன்னொரு தடவை வந்தா வெட்டி எடுக்க இடம் இருக்காது. அடுப்புக்கு மேல, புகையை உறிஞ்சுற நல்ல சிம்னியாப் பார்த்து மாட்டுங்க."

அம்மா வீடு திரும்ப மூன்று நாள் இருந்தது. எனக்குப் பள்ளி முடிந்திருந்தது; கல்லூரி நுழைவுத் தேர்வு முடிவு இன்னும் வரவில்லை. செய்வதற்கு வேறு வேலை இல்லை. சிம்னி வாங்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். அம்மாவைக் காப்பாற்ற என்னால் முடிந்த ஒரே காரியம் அதுதான் என்று நினைத்தேன்.

கடையில் விற்பனைப் பெண் சிம்னியை ஓடவிட்டு, ஒரு மரப்பலகையை அதன் வாய்க்குக் கீழே கொண்டுபோனாள். பலகை கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு மேலே போய் ஒட்டிக்கொண்டது.

"பலகையையே தூக்குது அண்ணே, புகை எம்மாத்திரம்!"

அப்பா பலகையைத் தட்டிப் பார்த்தார். "என் மச்சானை நிறுத்தினா அவனையும் தூக்கிடும் போலிருக்கே."

"தூக்கும். ஆனா உத்தரவாதத்தில மச்சான் வரமாட்டார்."

நான் சிரிக்கவில்லை. இருந்த ஒன்பது சிம்னிகளின் உறிஞ்சும் வேகத்தையும் தாளில் எழுதி, எது எல்லாவற்றிலும் பெரிதோ அதைத் தேர்ந்தெடுத்தேன். அதை ஓடவிட்டபோது விற்பனைப் பெண் பேசியது எனக்குக் காதில் விழவே இல்லை, அவ்வளவு இரைச்சல். அதை நான் பலம் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் மாட்ட வந்தவர் பழைய சிம்னியைக் கழற்றி, அடியில் இருந்த எண்ணெய்க் கிண்ணத்தை வெளிச்சத்தில் பிடித்தார். உறிஞ்சிய புகையிலிருந்து பிரியும் எண்ணெய் சொட்டுச் சொட்டாகச் சேர்வது அதில்தான்.

"பதினாலு வருஷச் சிம்னின்னு சொன்னீங்க. கிண்ணம் காஞ்சு கிடக்கு?"

"என் பொண்டாட்டி அவ்வளவு சுத்தம்" என்றார் அப்பா பெருமையாக.

மாட்ட வந்தவர் சுவரைப் பார்த்தார். அடுப்புக்கு மேலே கூரைவரை கருப்பு. பிறகு திருகாணியை முடுக்கினார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அம்மா ஞாயிற்றுக்கிழமை வந்தாள். அம்மா பெயர் பெங் யுவேஷியாங். பதினெட்டு வயதில் நெசவாலையில் சேர்ந்து, ஆலை மூடும்வரை பதினாறு வருடம் தறிகளுக்கு நடுவே நின்றவள். அந்த இரைச்சல் அவள் இடது காதை முழுதாகவும் வலது காதில் பாதியையும் தின்றுவிட்டது. அதன்பின் அடுப்படிதான். சித்தப்பாக்கள் இருவரும் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டு ஆளானார்கள்.

அப்பா வீட்டிலிருந்த வெட்டுப்பலகையை எடுத்துச் சிம்னியில் ஒட்டிக் காட்டினார். அம்மா தையல் போட்ட விலாவைப் பிடித்தபடி பார்த்தாள்.

"நான் என்ன, பலகையையா வறுக்கப் போறேன்?"

நான் சமைக்கிறேன் என்றேன். "நீ சமைச்சா உங்கப்பா எனக்கு முன்னாடி போயிடுவார்" என்றாள். ஆவியில் வேகவைத்தால் போதும் என்றேன். "அது நோயாளிச் சாப்பாடு. நான் இன்னும் சாகல."

ஆறாம் நாள் கடைக்குப் போய்த் திரும்பினேன். மாடிப்படியிலேயே இருமல் கேட்டது. சமையலறை நீலப் புகையாக இருந்தது. அம்மா ஒரு கையால் விலாவை அழுத்தி, மறுகையால் கிண்டிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே புதுச் சிம்னி சும்மா தொங்கியது.

அடுப்பை அணைத்துவிட்டுக் கத்தினேன். "ஏன் போடல? செத்துப்போகணுமா உனக்கு?"

"போட்டா கேக்கல."

"என்ன கேக்கல?"

"எண்ணெய்" என்றாள், குற்றம் செய்த பிள்ளை மாதிரி. "பூண்டு போட்டா முதல்ல அழும். தண்ணி வத்தினதும் சத்தம் மெல்லிசாகும். அப்போ மிளகாய் போடணும். இதைப் போட்டா மறுபடி ஆலைக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு."

"பழசு?"

"அதுவும்தான். விருந்தாளி வந்தா மட்டும் போடுவேன்."

பதினாலு வருடம். பக்கத்து அறையில் உட்கார்ந்து பாடம் படித்த எனக்கோ, மூன்று வேளையும் தின்ற அப்பாவுக்கோ, சிம்னி ஓடாதது தெரியவில்லை. வாங்கும்போது அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. கடையில் இருந்ததிலேயே அதிக இரைச்சலானதைத் தேடி வாங்கி அவள் தலைமேல் மாட்டியிருந்தேன்.

கடைக்கு ஓடினேன். மாட்டியதைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார்கள். இரைச்சல் குறைந்தது இருக்கிறதா என்றால், விற்பனைப் பெண் மறுபடி பலகையைத்தான் எடுத்தாள்.

அடுத்த நாட்கள் சண்டையிலேயே போயின. நான் போடுவேன், அவள் அணைப்பாள். போட்டுவைத்துச் சமைத்த நாளில் பூண்டு கருகியது. அப்பா "நல்லாத்தான் இருக்கு" என்று தின்றார். அம்மா ஒரு வாய் வைத்துவிட்டுச் சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே போட்டாள். "எனக்கு இது ஒண்ணுதான் தெரியும்" என்றாள். அறுவைக்கு அழாதவள் அன்று அழுதாள்.

எனக்கும் தாங்கவில்லை. அவள் வலது காதில் வாய்வைத்துக் கத்தினேன். "ஆலையில என்ன கேட்டுச்சு உனக்கு? அங்க நூல் அறுந்தா எப்படித் தெரிஞ்சுது?"

அவள் என்னை வெறித்தாள். "தறிச் சட்டத்தில உள்ளங்கைய வெச்சிருப்பேன். அறுந்தா நடுக்கம் மாறும்."

சொன்னவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய் வாணலியின் மரப்பிடியில் உள்ளங்கையை வைத்தாள். நான் சிம்னியைப் போட்டேன். அவள் அணைக்கவில்லை. எண்ணெய் ஊற்றி, கண்ணை மூடி, ஒரு பல் பூண்டைப் போட்டாள்.

கருகியது. அடுத்ததும் கருகியது. மூன்றாவது பச்சையாக இருந்தது.

இது நடந்து மூன்று வாரம். இப்போது இரண்டு நாளுக்கு ஒருமுறை பூண்டு சரியாக வருகிறது. அடுத்த ஸ்கேன் செப்டம்பரில். தினமும் மாலையில் எண்ணெய்க் கிண்ணத்தைக் கழற்றிப் பார்க்கிறேன். முதல் வாரம் அடியில் மஞ்சளாக ஒரு படலம். பிறகு அரை விரல் உயரம். அது ஏறினால் அவ்வளவும் அவள் நெஞ்சுக்குள் போகாதது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

நேற்று ஏறவில்லை. நான் வெளியே போயிருந்தேன். சாப்பாடு மட்டும் பழைய ருசியில் இருந்தது. அம்மா என் முகத்தைப் பார்க்காமல் சோறு போட்டாள்.

இனி சமையல் முடியும்வரை நான் வெளியே போவதில்லை.